சுடுகாட்டு மல்லியில் ஒரு மருந்து

தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே ரோட்டோரத்தில் பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணியை நம்மில் பார்க்காதவர் யார்? சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் சேர்க்காதவர்களும் உண்டு. அதன் இலையில்தான் வின்கிரிஸ்டின் இருக்கிறது. நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும், குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கும் 1960-களிலிருந்து கொடுத்துவரும் மருந்து. டன் கணக்கில் இலையை அரைத்தால் கிராம் கணக்கில்தான் தேறும்!

தேடிப் போனது என்னவோ சர்க்கரை வியாதி மருந்தை. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. 1958-ல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. வின்கிரிஸ்டின் அதன் தம்பி.

வேலை செய்யும் விதம் சிவில் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்க உள்ளே ஒரு சாரம் கட்டிக்கொள்கிறது. சாரத்தின் கம்புகள், நுண்குழாய்கள். டியூபுலின் என்ற புரதத் துண்டுகளை அடுக்கி அடுக்கித்தான் அந்தக் குழாய் வளரும். வின்கிரிஸ்டின் போய் டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது. அடுக்க முடியாமல் சாரம் எழும்பவில்லை. குரோமோசோம்கள் நடுவழியில் நிற்க, செல் செத்துப்போகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் புற்றணுக்கள் நன்றாக மாட்டிக்கொள்கின்றன.

நரம்பு செல் பிரிவதில்லையே, அதற்கென்ன கேடு என்று கேட்கலாம். நீண்ட நரம்பிழைக்குள் சரக்கு ஓடும் தண்டவாளமும் இதே நுண்குழாய்தான்! அதனால் விரல் மரத்துப்போகும், மலச்சிக்கல் படுத்தும். ஆனால் எலும்பு மஜ்ஜையை அவ்வளவாகக் கெடுக்காது என்பதால் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தோதானது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இது ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டிய மருந்து. அதே நோயாளிக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை முதுகுத்தண்டு நீரில் போடுவதுண்டு. இரண்டும் சிரிஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்? வின்கிரிஸ்டின் முதுகில் ஏறினால் பிழைப்பது மிக அபூர்வம். பல நாடுகளில் நடந்துவிட்டது. லேபிளில் எச்சரிக்கை இருந்தும் நடந்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம், சிரிஞ்சே வேண்டாம், சின்ன டிரிப் பையில் கலந்து ஏற்றுங்கள் என்றது. பையைத் தூக்கி முதுகு ஊசியில் மாட்ட யாருக்கும் கை போகாதல்லவா! பிற்பாடு முதுகு ஊசிக்கென்றே தனி அளவில் முனை வந்தது. சாதா சிரிஞ்ச் அதில் பொருந்தவே பொருந்தாது. மெக்கானிக்கல் பசங்க கைவேலை இது!