முகத்துவாரத்தில் தூண்டில் போடப் போகிறீர்களா?

முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களில் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் தண்ணீர் ஓடும். கொடுவா இரை தேடுவது அப்போதுதான். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று 6 மணிக்குக் கடித்ததா? இன்று 7-க்குச் சற்று முன் போனால் போதும்.

உயிர் இறாலை வால்பக்கம் கோத்தால் நெடுநேரம் துடிக்கும்.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, விரலை நுழைக்காதீர்கள். அதைவிடப் பொல்லாதது கெளுத்தி. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். குத்தினால் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரைமணிக்கு மேல் வையுங்கள், வலி தணியும். சூட்டை மற்றக் கையால் பாருங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். முள் ஒடிந்து உள்ளே தங்கினால் மருத்துவரிடம்தான்.

அறுந்த தங்கூசியைக் கரையில் விடாதீர்கள், கொக்கு நாரைகளின் காலைச் சுற்றிக்கொள்ளும்.