மானம் யாருக்காக?

அன்புத் தம்பிக்கு,

பழைய பேசாப்படங்களைத் தேடிப் பார்க்கும் உனக்கு, 1926இல் ஹெர்பர்ட் பிரெனன் இயக்கிய 'போ ஜெஸ்ட்' பிடித்துப் போகும். மூன்று சகோதரர்கள், காணாமற்போன நீலக்கல், சஹாராவில் தனித்து நிற்கும் கோட்டை எனக் கதை விறுவிறுவென்று ஓடும். முடிவில், படையுடுப்பில் கோட்டையைக் காத்து மடிவதே மானம் என்று தோன்றலாம். அப்படி எண்ணிவிடாதே. படத்தைக் கூர்ந்து பார்த்தால், அதுவே இந்த எண்ணத்தை மறுப்பது தெரியும்.

பி. சி. ரென் 1924இல் எழுதிய நாவல்தான் படத்தின் கதை. மூத்தவன் மைக்கேலாக நடித்தவர் ரொனால்ட் கோல்மன். தங்களை வளர்த்த அத்தை குடும்பத்து நீலக்கல்லை ரகசியமாக விற்றுவிட்டுப் போலிக்கல்லை வைத்திருப்பதைச் சிறு வயதிலேயே மைக்கேல் அறிந்துகொள்கிறான். பின்னாளில் அந்த உண்மை வெளிப்படவிருக்கும் வேளையில் போலிக்கல்லைத் தானே எடுத்துக்கொண்டு, திருடன் என்ற பெயரோடு பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்கிறான். பழியில் பங்கு கேட்டுத் தம்பிகளும் பின்தொடர்கிறார்கள். அவர்களுடைய மானம் கோட்டைக்குப் போகுமுன்பே முழுமை பெற்றுவிட்டது. இன்னொருவர் தலைகுனியக் கூடாது என்று தம் பெயரையே விட்டுக்கொடுத்தார்களே, அதுதான் மானம்.

கோட்டைக்குள்ளே நடப்பதோ வேறு. சார்ஜென்ட் லெஜோன் செத்த வீரர்களைத் தூக்கி, துப்பாக்கியோடு மதிலில் நிறுத்துகிறான். அந்தத் தந்திரத்தால்தானே கோட்டை தப்பியது, அவன் துணிச்சலை மறுக்கலாமா என்று நீ கேட்பாய். துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே லெஜோன்தான் நீலக்கல்லுக்கு ஆசைப்பட்டு, வீழ்ந்து கிடக்கும் மைக்கேலின் உடலைத் துழாவுகிறான். துணிச்சல் யாரிடமும் இருக்கலாம். அது எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் மானம் இருக்கிறது.

சகோதரர்களின் தியாகம் அந்தப் படையையும் தூய்மையாக்கிவிடாதா என்று இன்னொரு கேள்வி எழலாம். ஆக்காது. அந்நியர் படை 1831இல் உருவாகி, அல்ஜீரியாவைப் பிடிக்கும் போரில் இறக்கப்பட்டது. படம் வெளிவந்த 1926இல்தான் மொரோக்கோவின் ரிஃப் மலைத் தலைவர் அப்துல் கரீம் பிரான்சிடம் சரணடைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சுப் பீரங்கிகள் டமாஸ்கஸ் நகரைத் தாக்கின. கோட்டையைச் சூழும் பாலைவன மக்களுக்குப் படத்தில் பெயருமில்லை, குரலுமில்லை. அந்த மண் யாருடையது என்று படம் கேட்கவேயில்லை. இது அதன் பெருங்குறை.

மலாயாவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களின் வழிவந்த நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். துரை, கிராணி, கங்காணி என்ற வரிசைக்குப் பணிந்து பால்மரம் சீவியவர்கள் நம் முன்னோர். பணிவு வேறு, மானம் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத இளம்பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். பசிக்கும் சயாம் மரண ரயில்பாதைக்கும் அஞ்சிச் சேர்ந்தவர்களும் உண்டே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் ஒரு படை முழுவதற்கும் சேர்த்து மானப் பட்டம் சூட்டக் கூடாது என்கிறேன். அவரவர் எதை இழந்தார், யாருக்காக இழந்தார் என்று ஒவ்வொருவராகத்தான் கேட்க வேண்டும்.

படத்தை ரசித்துப் பார், தம்பி. பார்த்து முடித்ததும் இந்தக் கேள்வியை அதனிடம் கேள். பிறகு உன் குடும்பத்துப் பெரியவர்களின் கதையிடமும் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்