சறுக்குக் கட்டை ஆல்ப்ஸ் ஏறிய கதை

கேள்வி: ஜூரிச்சில் வேலை பார்க்கும் மகன், பிப்ரவரியில் வந்தால் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடக் கூட்டிப்போகிறேன் என்கிறான். நாங்கள் ஊட்டிக்கே சித்திரை வெயிலில்தான் போவோம். உறைபனிக் காலத்தில் காசு கொடுத்து மலைக்குப் போகும் வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்கள்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அறைகள் காலியாகக் கிடந்த ஒரு ஓட்டல்காரர் என்பார்கள். ஆங்கிலேயர்கள் சுவிட்சர்லாந்துக்குக் கோடையில் மட்டுமே வந்துகொண்டிருந்த காலம் அது. செயின்ட் மோரிட்ஸில் கூல்ம் ஓட்டலை நடத்திய யோஹன்னஸ் பாட்ருட், 1864-இல் கோடை முடிந்து கிளம்பிய ஆங்கிலேய விருந்தினர் சிலரிடம் பந்தயம் கட்டினார் என்பது அந்த ஊர் ஆசையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயில் இல்லாவிட்டால் வழிச்செலவு என்னுடையது, பிடித்துப்போனால் வசந்தம் வரை என் விருந்தாளியாகவே இருங்கள் என்றாராம். வந்தவர்கள் முகம் கறுத்து, சிரித்தபடி ஊர் திரும்பினார்களாம்.

கதைக்குக் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம். வெயில் மட்டும் பொய்யில்லை. அந்த ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்றும் மூடுபனியும் கீழே தாழ்நிலத்தில் தேங்கிவிட, மேலே வானம் பளிச்சென்று கிடக்கும். காற்றில் ஈரமில்லை. தரையில் விழுந்த பனி வெயிலை வாங்கித் திருப்பி முகத்தில் அடிக்கும். நிலக்கரிப் புகைக்குள் மாதக்கணக்கில் கிடந்த லண்டன்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

டாவோஸ் ஊரில் இந்த வேலையைச் செய்தது வியாதி. மலைக்காற்று காசநோயைத் தணிக்கும் என்று அங்கே அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்ற டாக்டர் நம்பினார். அவரை நம்பி 1865 பிப்ரவரியில், நடுக்குளிரில், இரண்டு நோயாளிகள் வந்து இறங்கினார்கள். பிறகு வரிசையாக வந்தார்கள். கூடவே துணைக்கு வந்த சொந்தபந்தங்கள். நோயாளி பால்கனியில் கம்பளி போர்த்திப் படுத்திருப்பார். துணைக்கு வந்தவருக்குப் பொழுது போக வேண்டுமே. பனிவண்டியில் சறுக்கினார்கள், உறைந்த ஏரியில் ஸ்கேட்டிங் விட்டார்கள்.

ஆனால் காலில் கட்டிக்கொள்ளும் சறுக்குக் கட்டை அங்கே வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. அது நார்வேக்காரர்களின் பழைய சொத்து. அவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான் ஆவதற்கு வெகு முன்பே பனிக்காலத்துப் போக்குவரத்து. நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சென் 1888-இல் அதை மாட்டிக்கொண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்து புத்தகமும் எழுதிய பிறகுதான் மத்திய ஐரோப்பாவுக்கு அந்த மோகம் பிடித்தது.

டாவோஸில் பிராங்கர் என்ற அண்ணன் தம்பி இருவர் நார்வேக் கட்டைகளை வைத்துப் பழகினார்கள். ஊரார் கேலிக்குப் பயந்து இருட்டிய பிறகே பழகுவார்களாம். அவர்களோடு 1894 மார்ச்சில் ஒரு மலைக் கணவாயைத் தாண்டி அரோஸா வரை போனவர் சாதாரண ஆள் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். காசநோய் கண்ட மனைவியோடு டாவோஸில் தங்கியிருந்தார். (ஹோம்ஸை ஒரு சுவிஸ் அருவியில் தள்ளிவிட்ட கதை அச்சாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.) செங்குத்தான ஓரிடத்தில் சகோதரர்கள் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து சறுக்கினார்கள். டாயிலின் கட்டைகள் அவருக்கு முன்னால் தனியாகக் கீழே ஓடிவிட்டன. மனிதர் உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கி இறங்கினார். இந்தத் துணி கிழியாது என்று சத்தியம் செய்த தையல்காரர் வந்தால், வழியெல்லாம் தன் சரக்கின் மாதிரித் துண்டுகளைப் பார்க்கலாம் என்று பிற்பாடு பத்திரிகையில் எழுதினார். நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் இதற்காகவே சுவிட்சர்லாந்து வரும் காலம் வரும் என்றும் அதே கட்டுரையில் எழுதினார். நூற்றுக்கணக்கு என்றது ரொம்பச் சிக்கனமான கணக்கு.

கேள்வி: பனிச்சறுக்குப் பந்தயங்களில் ‘கந்தஹார்’ என்ற பெயர் அடிபடுகிறதே! ஆப்கானிஸ்தானுக்கும் ஆல்ப்ஸுக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: சம்பந்தம் மெட்ராஸ் வழியாக வருகிறது. ஹென்றி லன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், மருத்துவமும் படித்தவர், மிஷனரியாக மெட்ராஸ் வந்தார். 1888-இல் மகன் ஆர்னால்டு இங்கேதான் பிறந்தான். உடல்நிலை ஒத்துக்கொள்ளாமல் சீக்கிரமே ஊர் திரும்பிய தகப்பனார், இந்தியாவில் மிஷனரிகள் சொகுசாக வாழ்கிறார்கள் என்று எழுதப்போய் சபைக்குள் பெரிய சண்டையாகிவிட்டது. பிறகு, பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒன்றுசேர்க்கப் பேசலாம் என்று 1892-இல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் மாநாடு கூட்டினார். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் ரயிலும் ஓட்டலும் ஏற்பாடு செய்ததில் அவருக்கு ஒரு தொழில் கிடைத்தது. சொகுசைக் கண்டித்தவர், பணக்காரப் பள்ளிகளில் படித்த கனவான்களுக்கென்று சங்கம் வைத்து, பல ஓட்டல்களைக் குளிர்காலத்தில் திறக்கவைத்து, பனிக்கால விடுமுறையை மொத்தமாக விற்றார். முர்ரென் மலைக்கிராமத்துக்குப் போகும் ரயிலைக் குளிர்காலத்திலும் ஓடவைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சங்கத்துக்குப் பெரிய மனிதர் ஒருவர் பெயர் வேண்டும் அல்லவா? 1880-இல் காபூலிலிருந்து கந்தஹாருக்குப் படை நடத்திப் பேர் வாங்கிய ராபர்ட்ஸ் பிரபு அகப்பட்டார். பிறகு மெட்ராஸ் ராணுவத்துக்கும் தளபதியாக இருந்தவர். 1911-இல் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் நடந்த மலையிறக்கப் பந்தயத்துக்கு அவர் பேரில் ‘கந்தஹார்’ கோப்பை வைத்தார்கள். அவர் சறுக்குக் கட்டையில் ஏறியவரா என்று கேட்காதீர்கள். கோப்பைக்குப் பேர் கொடுக்க அது தேவையில்லை.

மெட்ராஸில் பிறந்த ஆர்னால்டு, அப்பாவையும் மிஞ்சினார். நார்வேக்காரர்களுக்குச் சமவெளி ஓட்டமும் தாவுதலுமே பந்தயம். இவர் 1922-இல் முர்ரெனில் சரிவு நெடுகக் கொடிகளை ஜோடி ஜோடியாக நட்டு, இடையில் வளைந்து வளைந்து முதலில் இறங்குபவருக்கே வெற்றி என்றார். அதுவரை திரும்பும் அழகுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைய ஸ்லாலம் போட்டியின் பிறப்பு அதுதான். 1924-இல் கந்தஹார் கிளப், 1928-இல் ஆஸ்திரியாவின் ஹன்னஸ் ஷ்னைடரோடு சேர்ந்து ஆர்ல்பெர்க்–கந்தஹார் பந்தயம், 1936-இல் ஒலிம்பிக்கிலும் ஸ்லாலம். 1952-இல் ‘சர்’ பட்டம்.

கேள்வி: சறுக்கி இறங்குவது சரி. மேலே எப்படி ஏறினார்கள்?
— மாணவர், மதுரை

பதில்: நடந்துதான். கட்டைக்கு அடியில் சீல் தோலைக் கட்டிக்கொண்டால் ரோமம் பின்னுக்கு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் ஏறி, சில நிமிடங்களில் இறங்குவார்கள். ஜெர்மனியின் கருங்காட்டில் ராபர்ட் வின்டர்ஹால்டர் என்ற விடுதிக்காரர் 1908-இல் நீராலைச் சக்கரத்தால் ஓடும் கம்பிவடத்தைக் கட்டி விருந்தினரை இழுத்து ஏற்றினார். டாவோஸில் 1934-இல் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் போட்ட இழுவை லிஃப்ட்தான் ஊர் ஊராகப் பரவியது. தொங்கும் நாற்காலி அமெரிக்கச் சரக்கு. கப்பலில் வாழைத்தாரைக் கொக்கியில் மாட்டி ஏற்றும் முறையை அறிந்திருந்த ஜேம்ஸ் கரன் என்ற ரயில்வே பொறியாளர், தார் இருந்த இடத்தில் மனிதரை உட்காரவைத்தார். 1936-இல் ஐடஹோவின் சன் வேலியில் அது ஓடத் தொடங்கியது.

கேள்வி: முதல்முறை போகிறவர்கள் எதைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும்?
— கும்பகோணம் வாசகியே

பதில்: இது பூர்வீகத்தைக் கேட்கும் கேள்வி இல்லை; இருந்தாலும் சொல்கிறேன். பிப்ரவரியில் அங்கே பள்ளி விடுமுறை. கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த ஜனவரி மலிவு, ஆனால் குளிர் கடுமை. முதல்முறை போகிறவர்களுக்கு டாயில் போன மார்ச்தான் இதம், பகலும் நீளம். தாழ்ந்த ஊர்களில் இப்போது பனியை இயந்திரம் வைத்துத் தூவும் நிலை, எனவே உயரமான ஊராகப் பாருங்கள். அறை வாடகையில் லிஃப்ட் பாஸ், வாடகைக் கட்டை, பூட்ஸ், பயிற்சி வகுப்பு எதுவும் பெரும்பாலும் சேராது. மகனைத் தனித்தனியாக விலை கேட்கச் சொல்லுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். அதற்காக எடுக்கும் சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு விபத்துகளை விலக்கி வைத்திருப்பார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பூட்ஸுக்குள் ஒரே ஒரு ஜோடி நீளக் காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து, கணுக்காலில் தோல் உரிந்து, மறுநாள் ஓட்டல் ஜன்னல் வழியாகத்தான் பனியைப் பார்ப்பீர்கள்.