மன்னாரில் மொறிஸ் மைனர் வைத்திருப்போருக்கு

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் நினைப்பார்கள். பிறேக்கில் தொடங்குங்கள். மொறிஸ் மைனருக்கு நான்கு சில்லிலும் டிரம் பிறேக்தான். ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி. மிட்ஜெற்றிலும் தொடக்கத்தில் மைனரின் ‘ஏ’ வரிசை எஞ்சின்தான். 1962இல் அதற்கு 1098 சிசி எஞ்சின் கொடுத்தபோது முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். நீங்களும் பிறேக்கைக் கவனிக்காமல் எஞ்சினைக் கூட்டாதீர்கள்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் கசிகிறது. எங்கள் உப்புக்காற்றுக்கு இரும்புப் பிறேக் குழாய் தாங்காது. செப்பு நிக்கல் குழாய் போடுங்கள்.

டைனமோவுக்குப் பதிலாக ஓல்டனேற்றர் பூட்டினால் இரவில் லைற் மங்காது. ஆனால் இந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். அதை நெகற்றிவுக்கு மாற்றாமல் பூட்டினால் டயோட்டுகள் எரிந்துபோகும். எலெக்ட்ரோனிக் இக்னிஷன் வாங்கும்போதும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கழற்றிய பழைய உதிரிகளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கிறீஸ் பூசி, துணியில் சுற்றி வையுங்கள்.