கிளிப் கழற்றிய பிறகு

இரண்டு வருடம் மாதாமாதம் அலைந்து, பிள்ளையின் பல்வரிசை நேரானதும் "அப்பாடா" என்று விட்டுவிடுகிறோம். பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்ப்பது அந்த நாளிலிருந்துதான். என் மகளின் கீழ்வரிசை எட்டே மாதத்தில் மறுபடி நெருங்கியபோது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை இவை.

1. பல் எலும்பில் அறைந்த ஆணி அல்ல. மெல்லிய நார்கள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. வேரைச் சுற்றிய நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈறோரத்து நார்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். திரும்பியிருந்த பல்லை நேராக்கியிருந்தால் அவை முறுக்கிய ரப்பர் போல இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால், நேரான பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரை டாக்டர் நாள் முழுக்கப் போடச் சொன்ன மாதங்களில், சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றுங்கள்.

2. "இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று பிள்ளை கேட்கும். உண்மையைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், பல் எடுத்து கிளிப் போட்டுக்கொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடம் கழித்து, மூன்றில் இரண்டு பேருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை. இருபது வருடம் கழித்துப் பத்தில் ஒருவருக்குத்தான் வரிசை சரியாக இருந்தது. சிகிச்சை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ரிட்டெய்னரை விட்டவர்களின் கணக்கு இது. வரிசை நிலைக்க வேண்டுமானால் இரவில் போடுவதைப் பல வருடம் தொடர வேண்டும்.

3. பால்புட்டியைக் கொதிக்க வைத்த பழக்கத்தில் ரிட்டெய்னரை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். கோணிப்போகும். மிருதுவான பிரஷ், பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டு திரவ சோப்பு போதும். பற்பசை கீறிவிடும். போர் தண்ணீரால் வெள்ளையாகப் படிந்தால், கம்பி இல்லாத கண்ணாடி போன்ற வகையைத் தண்ணீர் கலந்த வினிகரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம்.

4. ஸ்கூலில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் குப்பைக்குத்தான் போகும். பளிச்சென்ற நிறத்தில் ஒரு டப்பா கொடுத்து, லஞ்ச் பையிலேயே வையுங்கள். தொலைந்தால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே வேறு செய்துவிடுங்கள்.

5. கழற்றி மாட்டும் ரிட்டெய்னருக்குப் பதிலாகப் பல்லின் உட்புறம் கம்பி ஒட்டியிருந்தால் சீடை, கரும்பு, கடலைமிட்டாயை முன்பல்லால் கடிக்க விடாதீர்கள். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் வலி தெரியாது. அந்தப் பல் சத்தமில்லாமல் நகரும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

6. விரல் சப்பியதால் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விழுந்திருந்ததா? அந்தப் பழக்கம் தொடர்ந்தால் மூடிய இடைவெளி மறுபடி திறந்துகொள்ளும். விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுகிறதா, தூக்கத்தில் வாய் திறந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். குறட்டையும் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

7. மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிப்பதைச் சரிசெய்த பிறகு, மேற்பல் கீழ்ப்பல்லை நன்றாக மூடி நின்றால் அந்தக் கடியே பூட்டு. பெரும்பாலும் தானே நிலைத்துவிடும். கடைவாய்ப் பற்கள் உள்ளே போய்க் கடித்ததற்காக மேல்தாடையை விரித்திருந்தால் அப்படி விட முடியாது. விரித்த பிறகும் சில மாதம், விரிக்கப் போட்ட பிளேட்டைக் கழற்றக் கூடாது.

8. தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ கீழ்த்தாடை முன்தள்ளி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எட்டு வயதில் சரிசெய்தது, வளரும் பருவத்தில் கீழ்த்தாடை நீளும்போது மாறலாம். பையன்களுக்கு இந்த வளர்ச்சி 18 வயது வரை, சிலருக்கு அதற்குப் பிறகும் உண்டு. ஒவ்வொரு பிறந்தநாளிலும் பல்லைக் கடித்தபடி நேராகவும் பக்கவாட்டிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாற்றம் கண்ணில் படும்.

9. ஞானப்பல்தான் வரிசையை நெருக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகப் பிடுங்க வேண்டாம்.

10. சில நாள் விட்டுப் போடும்போது ரிட்டெய்னர் இறுக்கமாக இருந்தால், பல் நகர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். முழுதாக உட்கார்ந்தால் அன்றிரவிலிருந்தே விடாமல் போடச் சொல்லுங்கள். உட்காராவிட்டால் அழுத்தித் திணிக்காமல், அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.