மிளகுக் கொடியும் மிளகு மூட்டையும்

மிளகு விற்காத மளிகைக் கடை இல்லை. ஆனால் அது எப்படிக் காய்க்கிறது என்று கேட்டால், “மலையிலிருந்து வருகிறது” என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்வோம். மூட்டையில் கிடக்கும் நல்லது கெட்டதில் பாதி கொடியிலேயே முடிவாகிவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு மண்டிக்குப் போனால் ஏமாறும் வாய்ப்புக் குறையும்.

மிளகு வெற்றிலைக்கு உடன்பிறப்பு. இரண்டும் ‘பைப்பர்’ என்ற ஒரே பேரினம். இலைகளைப் பக்கத்தில் வைத்தால் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது. திப்பிலியும் வால்மிளகும் இதே வகைக் கொடிகள்தான். மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. இன்று உலகில் அதிகம் விளைவிக்கும் வியட்நாமுக்கு அது பின்னால் போய்ச் சேர்ந்த பயிர்.

கணுக்களில் விடும் சிறு வேர்களால் மரத்தைப் பற்றிக்கொண்டு கொடி ஏறுகிறது. மரத்தின் சத்தை அது உறிஞ்சுவதில்லை. பிடிமானம் மட்டுமே வேண்டும். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், இலைக்கு எதிர்ப்புறத்தில் விரல் நீளச் சரம் ஒன்று இறங்கும். அதுவே பூங்கொத்து. ஒரு சரத்தில் 50 முதல் 150 பூக்கள் வரை இருக்கும். இதழ் கிடையாது, பூ என்று சொன்னால்தான் தெரியும். காட்டு மிளகில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. தோட்டத்து ரகங்களில் பெரும்பாலும் ஒரே பூவில் இரண்டும் இருக்கும். மழைத்துளி சரத்தில் வழியும்போது மகரந்தமும் கீழ்ப் பூக்களுக்கு இறங்குகிறது. பூக்கும் சமயத்தில் மழை தவறினால் பல பூக்கள் காயாவதில்லை. சரியாகப் பிடிக்காதவை குண்டூசித் தலையளவில் நின்றுவிடும். மூட்டையின் அடியில் தூசியோடு சேர்ந்து கிடக்கும் பொடி மணிகள் இவையே.

பூத்தபின் காய் முற்ற ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் பழுக்கத் தொடங்கும்போது பறிப்பதே முறை. விலை ஏறியிருக்கிறது என்றோ, திருட்டுக்குப் பயந்தோ முன்கூட்டியே பறித்தால் உள்ளே பருப்பு நிரம்பியிருக்காது. வெயிலில் உலர்த்தினால் இதுவும் நல்ல மிளகைப் போலவே கறுத்துச் சுருங்கும். உள்ளே மட்டும் பொக்கு. பார்வைக்கு அகப்படாது, எடைக்கு அகப்படும். மண்டியில் ‘550 ஜி.எல்.’, ‘500 ஜி.எல்.’ என்று சொல்வது ஒரு லிட்டர் மிளகின் எடையைத்தான். ஒரு லிட்டர் அளவையில் தலைதட்டி நிரப்பித் தராசில் வைத்தால் சொன்ன தரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கொள்முதலின்போது இதைச் செய்யக் கூச்சப்படத் தேவையில்லை.

முற்றிப் பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை மிளகு. அதற்குத் தனிக் கொடி இருக்கிறதா என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லலாம்.

அடுத்தது பப்பாளி விதை. மிளகு மணி ஒவ்வொன்றும் ஒரு முழுப் பழம். உள்ளே ஒரே விதை. அதனால்தான் உலர்ந்த தோல் வலைபோல் சுருங்கி அதைப் போர்த்தியிருக்கிறது. பப்பாளி விதையோ பழத்துக்குள் நூற்றுக்கணக்கில் கிடப்பது. சற்று நீள்வட்டமாக, பழுப்பு கலந்த நிறத்தில் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் முற்றிய மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். ஆனால் மிதப்பதெல்லாம் பப்பாளி என்று சண்டைக்குப் போய்விடக் கூடாது. பொக்கு மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள். பொக்காக இருந்தாலும் மிளகுக்கு மிளகு வாசனை உண்டு.

மிளகின் தோலுக்கு இயற்கையில் பளபளப்பு கிடையாது. எண்ணெய் மினுமினுப்போடு சரக்கு வந்தால், வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். 2012 டிசம்பரில், கனிம எண்ணெய் கலந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்து, கொச்சிக் கிடங்குகளில் முன்பேர வர்த்தகத்துக்காக இருந்த 6,000 டன்னுக்கும் அதிகமான மிளகு முடக்கப்பட்டது. அதில் பணம் போட்டிருந்தவர்கள் சரக்கை எடுக்க முடியாமல் நெடுநாள் தவித்தார்கள். அவ்வளவு பெரிய கைகளுக்கே அந்த நிலை என்றால், இரண்டு மூட்டை வாங்கும் நாம் என்ன செய்வது?

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கலப்படச் சரக்கு நம் கடையில் சிக்கினால் விற்ற நாமும் பதில் சொல்லியாக வேண்டும். யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினோம் என்பதற்குப் பில்லும், சரக்கின் தரத்துக்கு விற்றவர் தரும் எழுத்துமூல உத்தரவாதமும் கையில் இருந்தால்தான் பேச இடமிருக்கும். சில்லறை டப்பாவில் கொட்டியபின் மூட்டை எதுவென்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடி எடுத்து, தேதியும் பில் எண்ணும் எழுதி, அது விற்றுத் தீரும்வரை தனியே வைத்திருங்கள்.