பட்டா ஒருவர் பெயரில், நாற்று இன்னொருவர் கையில்

கேள்வி: டெல்டாவில் குத்தகைக்கு நெல் போடுகிறவர்கள் எழுத்து வாங்காமல் வாய்ப்பேச்சிலேயே காலம் தள்ளுவது ஏன்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: எழுதிக் கொடுக்க நில உரிமையாளருக்குப் பயம். சாகுபடி செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1955-இல் ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டே நியாய வாரச் சட்டம்; 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவும் சட்டம். பாதுகாப்புக்காக வந்தவைதான். ஆனால் ‘பதிந்தால் நிலம் போய்விடும்’ என்ற அச்சம் பலரைப் புதிய குத்தகையை வாய்ப்பேச்சோடு நிறுத்த வைத்தது.

விளைவை அனுபவிப்பவர் உழுகிறவர். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, அரசு கொள்முதல் நிலையம், எங்கே போனாலும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். சிட்டாவில் பெயர் அவருடையது அல்ல. மத்திய அரசு விவசாயிகளுக்கு ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அவர் சென்னையில் இருந்தாலும் சரி! வெள்ளத்தில் சம்பா அழுகினால் நஷ்டம் மட்டும் குத்தகைக்காரருக்கு.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: மண்ணின் வளம். அடுத்த ஆண்டு இந்த வயல் நம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவாரா? வண்டல் அடிப்பாரா? யூரியாவைப் போட்டு இந்தப் போகத்தை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுடையது பழைய குத்தகை என்றால், வாரம் அளந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அவைதான் பேசும்.